படத்தில் நின்றவள்

பிப்ரவரி 11

கோமுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தல்காரன் கம்புகளை அவிழ்த்துக்கொண்டு போனான். தங்கச்சி பார்வதியும் அவள் வீட்டுக்காரரும் மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பார்வதி இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள். சொல்ல வாய் வரவில்லை.

இனி இந்த வீட்டில் நானும் மகள் சுகந்தியும்தான். சுகந்திக்கு வயது இருபத்தொன்பது. பிறந்தபோது அழத் தாமதமானதில் மூளையில் அடி என்றார்கள். பேச்சு இல்லை, நடை இல்லை, தானாக உட்காரவும் வராது. கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பும். ஊட்டியது, குளிப்பாட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவள் அம்மா கோமு. நான் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவேன். ரிட்டயர் ஆன பிறகும் விருந்தாளியாகவே இருந்துவிட்டேன்.

கோமு இறந்த அன்று சுகந்தியைப் பின்வீட்டு மதினியின் அறையில் படுக்க வைத்திருந்தோம். "அதுக்கு என்ன தெரியப் போவுது, கூட்டத்தப் பாத்தா மிரண்டுரும்" என்றாள் பார்வதி. நான் தலையாட்டினேன். கோமுவைக் கொண்டுபோய், வீட்டையும் கழுவிவிட்ட பிறகுதான் சுகந்தியைத் தூக்கிவந்தோம். நல்ல ஏற்பாடுதான். அவள் மிரளவில்லை.

அவள் கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்படி வாசல் தெரியும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 26

பருப்பும் சோறும் குழையப் பிசைந்து ஊட்டினேன். பாதி கழுத்தில் வழிந்தது, கொஞ்சம் மூக்கில் ஏறிவிட்டது. கோமு எப்படி ஊட்டுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருநாள்கூட நின்று கவனித்த ஞாபகம் இல்லை.

மார்ச் 8

காலையில் சுகந்திக்கு மாதவிலக்கு. பின்வீட்டு மதினி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வேறு யாரைப் போய்க் கூப்பிடுவது? நானே செய்தேன். எப்படிச் செய்தேன் என்று எழுத மாட்டேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கழுத்துத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் எடுத்துத் திருப்பிக்கொண்டாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவர்களை நிற்க வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 20

ஆலங்குளம் தாண்டி ஒரு இல்லம். சுகந்தியைப் போன்ற பெரிய பிள்ளைகளை வருஷக்கணக்கில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பழைய டிரைவர் ஒருத்தர் சொன்னார். இன்று கொண்டுபோய் விட்டேன்.

பெனிட்டா என்ற பெண் அங்கே பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதுதான், ஆனால் டீச்சர் மாதிரி நிமிர்ந்து பார்க்கிறது. "சுகந்திக்கு என்ன புடிக்கும் சார்?" என்று கேட்டது.

"அது அவ அம்மைக்குத்தாம்மா தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க."

பால் என்றேன். பால் பிடிக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஆறு மாதம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வருகையில் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் 14

சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள்.

முதுகு வளைவுக்குத் தக்கபடி அளவெடுத்து, பஞ்சு வைத்து ஒரு சக்கர நாற்காலி செய்திருக்கிறார்கள். இடுப்பிலும் நெஞ்சிலும் பட்டை. தலைக்கு இரண்டு பக்கமும் அணை. உட்கார்ந்த சுகந்தி ஆள் உயரமாகத் தெரிகிறாள். சின்ன வயதிலேயே உட்காரப் பழக்கியிருந்தால் முதுகு இவ்வளவு வளைந்திருக்காது என்று பெனிட்டா சாதாரணமாகச் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது. கோமு இவளைக் கீழே விடாமல் வைத்திருந்தாள். அதில் போய்க் குறை கண்டுபிடிக்கிறார்கள்.

பார்வதிக்குப் போன் செய்து திட்டித் தீர்த்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மே 2

இல்லத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எதைச் செய்தாலும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். இரண்டு படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள். ஒன்றில் மோர், ஒன்றில் ஜூஸ். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவள் கண் எதில் போய் நிலைக்கிறதோ அது உடனே கைக்கு வரும். ஏமாந்துவிடாமல் இருக்க இடம் மாற்றிப் பிடித்து இன்னொரு தடவையும் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குப் பொறுமை இல்லை. "மோர்தாம்மா, குடுங்க" என்றேன்.

"நீங்க சொல்லாதீங்க சார். அவ சொல்லட்டும்."

நின்றோம். ஒரு பஸ்ஸே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். கடைசியில் ஜூஸைப் பார்த்தாள்.

பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "படம் அவளுக்கு வாக்கு மாதிரி சார். ஒண்ணக் காட்டிட்டு வேறொண்ணக் குடுத்தோம்னா பாக்குறதையே விட்டுருவா. அவ பேசுறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

மே 19

சிவப்பு நைட்டியைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறாள். கோமு எப்போதும் வெளிர்நிறம்தான் வாங்குவாள். பாடல் வேண்டுமா கதை வேண்டுமா என்று கேட்டால் பாடல். வெளியே போகலாமா என்றால் போக வேண்டும். மகாராணி ஆகிவிட்டாள். நான் போனபோது என்னைக் கொஞ்சம் பார்த்தாள், பிறகு வாசலில் போன ஆட்டைப் பார்த்தாள்.

ஆட்டின்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 9

பெனிட்டா கேட்டது: "அம்மா இறந்தது சுகந்திக்குத் தெரியும்ல சார்? சேலை கட்டுன யாரு உள்ள வந்தாலும் முகத்தத் தேடுறா."

"தெரியும்" என்றேன்.

"எப்படிச் சொன்னீங்க?"

"எல்லாஞ் சொல்லியாச்சு. அன்னைக்கே."

"சொல்லலேன்னா சொல்லுங்க. அம்மா படம் ஒண்ணு கொண்டு வந்தா சேந்தே சொல்லிரலாம். கஷ்டந்தான், ஆனா செய்யலாம்."

சொல்லியாச்சு என்று மறுபடியும் சொன்னேன். என்னத்தைச் சொல்வது? அழுதால் யார் பார்ப்பது?

ஜூன் 10

மழை. எங்கும் போகவில்லை.

ஜூலை 6

ஒரு ஆளுக்குச் சமைத்தால் மிஞ்சுகிறது, சமைக்காவிட்டால் டீயோடு போய்விடுகிறது. காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து வண்டி வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு வருகிறேன். புதுக் கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியவில்லை. வீட்டைத் திறந்தால் டிவி சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

சுகந்தி அங்கே ஏங்கிப்போயிருக்கிறாள். போனதடவை பார்த்தபோதே தெரிந்தது. பெற்றவன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை இல்லத்தில் கிடப்பதா? ஊரே கேட்கும். கூட்டிவந்துவிட வேண்டியதுதான். குளிப்பாட்ட, துணி மாற்ற பொன்னுத்தாய் என்று ஒரு அம்மாள் வருவதாகச் சொல்லியிருக்கிறது.

ஜூலை 20

பெனிட்டாவிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. "இப்பத்தான் கழுத்து நிக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா நாம முடிவு பண்ண வேண்டாம். அவகிட்டயே கேப்போம். வீட்டப் போட்டோ எடுத்துட்டு வாங்க. வீடு மட்டும் இருக்கணும், வேற எதுவும் வேண்டாம்."

மகளைக் கூட்டிப் போக மகளிடமே அனுமதி. சரி, கேட்கட்டும்.

ஆகஸ்ட் 3

போனில் வீட்டைப் படம் எடுத்தேன். வெறும் சுவரும் கேட்டும். பார்த்தால் வீடு மாதிரியே இல்லை. ஆல்பத்தைத் தேடியதில் நல்ல படம் ஒன்று கிடைத்தது. கேட்டருகில் கோமு நிற்கிறாள். வாசல் தெளித்துவிட்டு, வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். யாரை என்ன, என்னைத்தான். நான்தான் எடுத்தேன்.

அதை எடுத்துப் பையில் வைத்தேன். வீடு நன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 5

பெனிட்டா படத்தைப் பார்த்ததும் தயங்கியது. "இதுல அம்மா இருக்காங்களே சார்."

"வீடுன்னாலே அவதானம்மா."

"வேற இல்லையா?"

"இல்ல."

"அம்மா இல்லன்னு அவளுக்குத் தெரியும்னு சொன்னீங்கள்ல?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு ஒரு கையில் இல்லத்துப் படம், ஒரு கையில் நம் வீட்டுப் படம்.

காத்திருக்கவே வேண்டியதில்லை. சுகந்தியின் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. நெஞ்சுப்பட்டை இழுத்துப் பிடித்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், இந்த ஆறு மாதத்தில் நான் கேட்காத சத்தம். கை தூக்கிப் போட்டு ஆடியது. இடம் மாற்றிப் பிடித்தும் கேட்டார்கள். அதே சாய்வு, அதே சத்தம். அங்கே வேலை செய்கிற பெண்கள் கைதட்டினார்கள். பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சார், அவ சொல்லிட்டா" என்றது.

நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது நாம் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது?

ஆகஸ்ட் 9

வீட்டை ஒதுங்க வைத்தேன். ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்த கோமு படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். ஒரே தூசி.

ஆகஸ்ட் 12

வந்தாயிற்று. வழிநெடுக அந்தச் சத்தம்தான். கார் டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாப்பாவுக்கு வீட்டுக்குப் போறதுல என்ன சந்தோசம் பாத்தியளா அண்ணாச்சி" என்றார்.

தெரு திரும்பியதும் சத்தம் கூடியது. கேட்டருகில் நிறுத்தி இறக்கினோம். சுகந்தி கேட்டையே பார்த்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினேன். பார்வையை எடுக்காமல், கழுத்து போகும் மட்டும் பின்னால் திருப்பி, கேட்டையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 13

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுகிறது. வாசல் பக்கம் தலை போகிறது. கை ஆடுகிறது. பொன்னுத்தாய் தட்டோடு வெளியே வருகிறாள். முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிடுகிறது.

காலையில் நடந்தது. மத்தியானமும் நடந்தது. சாயங்காலம் காபி ஆற்றும் சத்தத்துக்கும் நடந்தது. பொன்னுத்தாயிடம் சத்தமில்லாமல் வேலை செய்யச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பாத்திரம் சத்தம் போடாம எப்படி இருக்கும் அண்ணாச்சி" என்றாள்.

ஆகஸ்ட் 21

சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு மந்தமாக இருக்கும். ஓம வாட்டர் கொடுத்தேன். பார்வதி போனில் கண்ணேறு கழிக்கச் சொன்னாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் நெடி. நானும் பொன்னுத்தாயும் இருமித் தீர்த்தோம்.

ஆகஸ்ட் 30

உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். எனக்கும் தெரியும்.

செப்டம்பர் 2

பெனிட்டா கொடுத்தனுப்பிய படங்களை எடுத்தேன். அங்கே செய்வதுபோல் மோரும் ஜூஸும் காட்டினேன்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கம் என்று நினைத்தேன். படத்தைக் கீழே வைத்தேன். கண்ணைத் திறந்தாள். மறுபடி காட்டினேன். மூடிக்கொண்டாள். பாடல் படம், கதை படம், வெளியே போகும் படம், எதைக் காட்டினாலும் மூடிக்கொள்கிறாள். ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால் பார்ப்பதையே விட்டுவிடுவாள் என்று அந்தப் பெண் சொன்னது. நான் காட்டியது கோமுவை. கொடுத்தது பொன்னுத்தாயை.

எனக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. அதற்காகச் செய்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது என்னால் தாங்க முடியவில்லை. அவள் ஏங்கினாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் அங்கே ஆடு பார்த்துக்கொண்டு சுகமாக இருந்தாள்.

செப்டம்பர் 5

பொன்னுத்தாயை இன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சுகந்தியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் இத்தனை வருஷத்தில் அடுப்படிக்குள் வந்ததில்லை. வாசலோடு சரி. அடுப்பு, அம்மி, அண்டா எல்லாம் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த மூலையையும் காட்டினேன். கொல்லைப்புறம் போனோம். துவைக்கிற கல், கிணறு. குளியலறைக் கதவைத் திறந்து காட்டினேன். உள் அறை. பீரோவையும் திறந்தேன். கோமுவின் சேலைகள் அடுக்கியபடி இருந்தன. எல்லாவற்றையும் அவசரப்படாமல் பார்த்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவளுக்கு நேரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா செத்துப் போனா தாயி. தை மாசம் காலையில நெஞ்சு வலின்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டா. நடுவீட்டுலதான் கெடத்தியிருந்தோம். மாம்பழக் கலர் சேலை. எல்லாரும் வந்து பாத்தாங்க. ஒனக்கு மட்டும் காட்டல. பின்வீட்டுல வச்சுட்டோம். இனிமே வர மாட்டா. அன்னைக்குப் படத்துல காட்டுனது பொய். அப்பாதான் பொய் சொன்னேன்."

எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து போகிற நேரம் என்று முன்பு எழுதினேன், அதைவிடக் கூடுதல் நேரம். பிறகு வாய் கோணியது. அழுதாள். சத்தமாக, மூச்சு முட்ட, பின்வீட்டு மதினி ஓடிவருகிற அளவுக்கு. அன்றைக்கு நடுவீட்டில் அழ வேண்டிய அழுகை அது. நானும் அழுதேன். மதினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு, இழவு வீட்டில் அழுவதுபோல் அழுதாள்.

செப்டம்பர் 6

பெனிட்டாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்க அவகிட்ட பொய் சொன்னது மட்டும் இல்ல சார். எங்க கையாலயும் சொல்ல வச்சுட்டீங்க" என்றது. பிறகு, "கூட்டிட்டு வாங்க. அவ இடம் இருக்கு" என்றது.

செப்டம்பர் 20

இல்லத்துக்குத் திரும்பிய பிறகு சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். சேலை கட்டியவர்களைப் பார்த்து இப்போது தலையைத் திருப்புவதில்லை. ஆனால் படத்தைத் தூக்கினால் கண் மூடிக்கொள்கிறது. பெனிட்டா காட்டினாலும் அப்படித்தான். படம் வேண்டாம் என்று நிஜ டம்ளர்களையே காட்டிப் பார்த்தார்கள். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்பு மகாராணியாக இருந்தவளுக்கு இப்போது மற்றவர்கள்தான் நைட்டி எடுத்துப் போடுகிறார்கள். இன்று வெளிர்நீலம்.

அக்டோபர் 4

"திரும்ப வருமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். வரலாம், வராமலும் போகலாம்." ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்தப் பெண் சொல்லாது. "நாங்க கேக்குறதோட நீங்களும் கேளுங்க. நம்பிக்கை உங்ககிட்டதான் உடைஞ்சது. தினம் வாங்க. கேளுங்க, காத்திருங்க. கண்ண மூடுனா அதையும் பதிலா எடுத்துக்கிட்டு படத்தக் கீழ வச்சிருங்க. என்னைக்காவது பாத்தான்னா, எதப் பாக்குறாளோ அதச் செய்யணும். உங்களுக்குப் புடிக்கலேன்னாலும்."

தினமும் போகிறேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 15

மூடிக்கொண்டாள். கீழே வைத்தேன்.

அக்டோபர் 16

மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 22

பொறுமை போய், "ஏட்டி, ஒரு தடவ பாரேன்" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் தோள் வெடுக்கென்று துள்ளியது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன். மன்னிப்பு கேட்டேன். கண் மூடியே இருந்தது.

அக்டோபர் 29

பெனிட்டா புதிதாக இரண்டு படம் கொடுத்தது. ஒன்றில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது எடுத்தார்களோ தெரியாது, கூன் போட்டுக்கொண்டு கிழவனாக இருக்கிறேன். இன்னொன்றில் இல்லத்து வாசலில் பஸ் நிற்கிறது, நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா இருக்கணுமா, அப்பா கெளம்பணுமா. இதக் கேளுங்க சார்."

"இது என்ன கேள்விம்மா. அப்பா இருக்கத்தான் சொல்லுவா."

"அப்படின்னா கேக்குறதுல என்ன? அவ வாழ்க்கையில இது ஒண்ண மட்டும் யாரும் அவகிட்ட கேட்டதே இல்ல."

இரண்டு படத்தையும் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். கீழே வைக்கப் போனேன். இமை லேசாக அசைந்தது போலிருந்தது. கையை அப்படியே வைத்திருந்தேன். தோள் வலித்தது. உள்ளே யாரோ பாத்திரம் கழுவினார்கள், கழுவி முடித்தார்கள்.

கண்ணைத் திறந்தாள்.

முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டூல் படத்தைப் பார்த்தாள். பிறகு தலை நகர ஆரம்பித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய் பஸ்ஸில் நின்றது.

இடம் மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை கேட்க வேண்டும். அதுதான் முறை. கேட்டேன். இப்போது அவள் இன்னும் அதிகத் தூரம் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

பெனிட்டா பின்னால் நின்றுகொண்டிருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா தாயி என்று கேட்கத் தோன்றியது. கெஞ்சத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். "சரி தாயி, அப்பா கெளம்புதேன்" என்றேன். ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டேன். செருப்பை மாட்டினேன். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நான் உண்மையிலேயே போகிறேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனேன்.